வளவுக் கோழிக்கும் கணக்கு வேண்டும்



கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் எங்கள் கரையோரத்தில் கோழி கூவாத தெருவைக் காண்பது அரிது. மருதமுனையில் தறி ஓடும் வீட்டின் பின்புறத்திலும், அக்கரைப்பற்றில் கடை வைத்திருப்பவரின் வளவிலும், அறுகம்பேயில் உல்லாசப் பயணிகளுக்கு அறை கொடுப்பவரின் குசினிப் பக்கத்திலும் நாலு பேடு, ஒரு சேவல், பின்னால் ஓடும் குஞ்சுகள் என்று ஒரு சிறு குடும்பம் வாழ்ந்து கொண்டுதான் இருக்கிறது. சில வீடுகளில் புறாக்கூடும் முயல் பெட்டியும் லவ்பேர்ட்ஸ் கூண்டும் அதனோடு சேர்ந்திருக்கும். அஸர் தொழுதுவிட்டுக் கடைவாசலில் கூடும் இளைஞர்களின் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். யாருடைய சேவல் எத்தனை கிலோ, யாருடைய பேடு அடைக்குக் கிடக்கிறது, எங்கே நல்ல சாதிக் குஞ்சு கிடைக்கும் என்பதுதான் பேச்சு.

ஆனால் அவர்களில் ஒருவரை அழைத்து, "தம்பி, போன வருடம் இந்தக் கோழிகளால் உங்களுக்கு இலாபமா, நட்டமா?" என்று கேட்டால் பதில் வராது. சிரிப்புத்தான் வரும். கடையில் ஒரு சவர்க்காரக் கட்டி கடனுக்குப் போனாலும் கொப்பியில் எழுதி வைக்கும் நாம், வளவில் 10 குஞ்சு செத்தால் "காகம் கொண்டு போயிற்று" என்று சொல்லிவிட்டு மறந்து விடுகிறோம். பொழுதுபோக்குக்காக வளர்ப்பதில் தவறில்லை. ஆனால் அதைத் தொழிலாக்க நினைப்பவரும், ஏற்கனவே முட்டையும் சேவலும் விற்பவரும் கணக்குப் பார்க்காமல் இறங்கக் கூடாது. இவ்வாரம் அந்தக் கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.

2022 தந்த பாடம்

முட்டை ஒரு சாதாரணப் பொருள் என்ற எண்ணத்தை 2022 ஆம் ஆண்டு மாற்றியது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் தீனிக்கான மூலப்பொருட்களையும் தாய்க்கோழிகளையும் இறக்குமதி செய்வது கடினமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்ததால் உள்ளூர்ச் சோளமும் குறைந்திருந்தது. தீனி விலை ஏற, பண்ணைக்காரர்கள் பலர் கோழிகளை விற்றுவிட்டுக் கூடுகளைப் பூட்டினர். 2022 ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று அரசாங்கம் உச்ச விலை விதித்தது. அந்த விலைக்குத் தரமுடியாது என்று உற்பத்தியாளர்கள் சொன்னார்கள். முடிவில் 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலில் வந்து இறங்கியது. முட்டையில் தன்னிறைவு கண்டிருந்த நாடு, பேக்கரிகளுக்கு முட்டை கொடுப்பதற்காக வெளிநாட்டை நாடியது.

அந்த நாட்களில் வளவில் கோழி இருந்த வீடுகள் பெரிதாகத் தடுமாறவில்லை. அதைக் கண்ட பலர் அவசர அவசரமாகக் கோழி வளர்ப்பில் இறங்கினர். கம்பி வலை வாங்கினர், கூடு அடித்தனர், குஞ்சு வாங்கினர். ஒரு வருடத்துக்குள் அந்தக் கூடுகளில் பல வெறுமையாயின. கோழி வளர்ப்பு இலாபமில்லாத தொழில் என்பதல்ல இதற்குக் காரணம். தங்களுடைய கோழி எந்த வழியில் வருமானம் தரும் என்று அவர்கள் முதலில் யோசிக்கவில்லை.

ஒரு கிலோ தீனிக்கு எத்தனை முட்டை?

முட்டைக்கென்று வளர்க்கும் லேயர் கோழி நாளொன்றுக்கு 110 கிராம் அளவில் தீனி உண்ணும். நூறு கோழிகளிடமிருந்து நாளுக்கு 80 முட்டை கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் 11 கிலோ தீனிக்கு 80 முட்டை. ஒரு கிலோவுக்கு ஏழு முட்டை, அதற்குச் சற்று மேல். இதை மனதில் பதித்துக் கொள்ளுங்கள். உங்கள் ஊரில் இன்று ஒரு கிலோ லேயர் தீனி என்ன விலை, ஏழு முட்டையை என்ன விலைக்கு விற்கலாம் என்று பாருங்கள். கோழி வளர்ப்பில் மொத்தச் செலவின் 60 முதல் 70 வீதம் தீனிக்கே போகும். ஆகவே ஏழு முட்டையின் விலை, ஒரு கிலோ தீனியின் விலையை விட ஒன்றரை மடங்குக்கு மேல் இல்லாவிட்டால் அந்தத் தொழிலில் உங்கள் உழைப்புக்குக் கூலி இல்லை. முட்டை 80 இலிருந்து 50 ஆகக் குறைந்தால் கிலோவுக்கு நாலரை முட்டைதான். அப்போது நட்டம் கதவைத் தட்டும்.

இப்போது ஊர்க்கோழிக்கு வருவோம். அது வருடத்தில் மூன்று, நான்கு தடவை முட்டையிடும். தடவைக்கு 10 முதல் 15 முட்டை. வருடத்துக்கு 40 முதல் 60 முட்டை என்று கொள்ளலாம். இந்தக் கோழியைக் கூட்டில் அடைத்து, கடையில் வாங்கிய பக்கெட் தீனியை நாளுக்கு 80 கிராம் வீதம் கொடுத்தால் வருடத்துக்கு 29 கிலோ தீனி போகும். கிடைப்பது 50 முட்டை. கிலோவுக்கு இரண்டு முட்டை கூட இல்லை! 2022 இன் பின் இறங்கியவர்களில் பலர் செய்த தவறு இதுதான். ஊர்க்கோழியை வாங்கி, லேயர் கோழியைப் போல அடைத்து வளர்த்தார்கள்.

ஊர்க்கோழியின் பெருமை அது தன் சாப்பாட்டைத் தானே தேடிக் கொள்வதில் இருக்கிறது. புழு, பூச்சி, புல் விதை, குசினியில் மிஞ்சும் சோறு, மீன் கழுவும் இடத்தில் விழும் துண்டு, நெல் ஆலையின் குறுணலும் தவிடும், தேங்காய்ப் புண்ணாக்கும் அதற்குப் போதும். சம்மாந்துறையையும் அக்கரைப்பற்றையும் சுற்றி நெல் ஆலைகள் இருப்பதால், அறுவடைக் காலத்தில் குறுணலும் தவிடும் மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி, ஈரம் படாமல் வைத்துக் கொள்ளலாம். பூஞ்சணம் பிடித்த தவிட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அது கோழியின் ஈரலைக் கெடுக்கும். ஊர்க்கோழியின் வருமானமும் முட்டையில் இல்லை. குஞ்சிலும், வளர்ந்த சேவலிலும் இருக்கிறது.

நட்டம் ஒளிந்திருக்கும் இடம்

ஒரு பேட்டுக்கு 12 முட்டை அடை வைக்கிறோம். 21 நாட்களில் 10 குஞ்சு பொரிக்கிறது. இரண்டு மாதத்தின் பின் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான வளவுகளில் நாலு, ஐந்துதான் மிஞ்சியிருக்கும். காகம், பருந்து, கீரி, பூனை, மழை, குளிர், கழிச்சல் என்று மற்றவை போய்விடும்.

வருடத்துக்கு மூன்று தடவை அடை கிடக்கும் பேடு 30 குஞ்சு பொரிக்கும். தடவைக்கு நாலு பிழைத்தால் வருடத்துக்கு 12 கோழி. ஏழு பிழைத்தால் 21. ஒரு பேட்டில் 9 கோழி வித்தியாசம். ஐந்து பேடு வைத்திருப்பவருக்கு வருடத்துக்கு 45 கோழி. ஒரு பேடு கூட மேலதிகமாக வாங்காமல் கிடைக்கும் 45 கோழி! அதன் விலையை நீங்களே போட்டுப் பாருங்கள். நட்டம் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியும்.

இதைத் தடுக்கப் பெரிய முதல் தேவையில்லை. முதல் நாலு வாரம் குஞ்சுகளைத் தாயோடு கூடைக்குள் அல்லது சிறு வலைக்கூட்டுக்குள் வைத்திருங்கள். அந்த நாலு வாரத்துக்கு மட்டும் குஞ்சுத் தீனி வாங்கிப் போடுங்கள். ஒரு குஞ்சு அந்தக் காலத்தில் உண்பது மிகக் கொஞ்சம். அந்தச் செலவைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. சுத்தமான தண்ணீரை ஆழமில்லாத தட்டில் வையுங்கள். வடகீழ்ப் பருவ மழை கொட்டும் நவம்பர் முதல் ஜனவரி வரை கூட்டின் தரை ஈரமாக இருந்தால் இரத்தக் கழிச்சல் வரும். உமி அல்லது மரத்தூள் போட்டு, நனைந்ததை அள்ளி மாற்ற வேண்டும்.

அடை வைக்கும் முட்டையிலும் கவனம் வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்த முட்டையில் பொரிக்கும் வீதம் குறையும். சூடான குசினியில் அடுக்கி வைக்காமல், குளிர்ந்த நிழலான இடத்தில், கூர்மையான பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். ஏழாம் நாள் இரவில் டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கரு வளர்ந்த முட்டையில் சிவந்த நரம்புகள் தெரியும். ஒன்றும் தெரியாததை எடுத்து விடலாம்.

கோழி வருத்தமும் ஒரு குப்பி மருந்தும்

காகம் ஒவ்வொன்றாக எடுக்கும். நோயோ ஒரே வாரத்தில் வளவையே வெறுமையாக்கும். எங்கள் ஊர்களில் "கோழிக்கு வருத்தம் வந்து விட்டது" என்று சொன்னால் அது பெரும்பாலும் இராணிக்கெட் நோய்தான். 1926 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரையொட்டிக் கண்டறியப்பட்டதால் உலகம் இதை நியூகாசில் நோய் என்கிறது. அதையடுத்து இந்தியாவின் ராணிகேத் என்ற மலையூரில் கண்டதால் நம் பக்கம் இந்தப் பெயர். பச்சை நிறக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து முறுகுதல், சிறகு தொங்குதல் ஆகியவை அடையாளம். இது வைரஸ் நோய். வந்த பின் மருந்தில்லை. தடுப்பு மருந்து போடாத கோழிகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது போய்விடுவதும் உண்டு.

என் வளவில் நடந்ததையும் சொல்லி விடுகிறேன். சில வருடங்களுக்கு முன் சந்தையில் ஓர் அழகான சேவலைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கி வந்து, அன்றே கூட்டுக்குள் விட்டேன். ஆறாம் நாள் அது தலையைத் தொங்கப் போட்டது. இரண்டு வாரத்துக்குள் 26 கோழிகளில் மூன்று மிஞ்சின. வேலிக்கு அப்பால் இருந்த காக்காவின் கோழிகளும் போயின. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்று வரை எனக்கு வெட்கம்.

இந்த நோய்க்குத் தடுப்பு மருந்து உண்டு. கண்ணில் ஒரு துளி விட்டால் போதும். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் கோழிகளுக்கான தடுப்பு மருந்து தயாரிக்கும் அரச நிறுவனமாகும். பிரதேச மிருக வைத்தியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். மருந்தின் விலையும் அதிகமில்லை. அப்படியிருந்தும் ஏன் நம்மவர்கள் போடுவதில்லை?

காரணம் குப்பியின் அளவு. மருந்து நூறு, இருநூறு முதல் ஆயிரம் கோழிகளுக்குப் போதுமான குப்பிகளில் வருகிறது. பண்ணைக்காரருக்கு அது வசதி. 12 கோழி வைத்திருப்பவர் ஒரு குப்பியைத் திறந்தால் மிச்சமெல்லாம் வீண். கரைத்த மருந்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்து விட வேண்டும். நாளைக்கென்று வைக்க முடியாது. அதுமட்டுமல்ல, 2 முதல் 8 பாகை வரையான குளிரில் அதை வைத்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் பொலித்தீன் பையில் போட்டு வெயிலில் கொண்டு வந்தால், கண்ணில் விடுவது வெறும் தண்ணீர்தான். ஆகவே தனி ஒருவர் தயங்குகிறார். தயங்கித் தயங்கி ஒரு நாள் எல்லாவற்றையும் இழக்கிறார்.

ஆனால் ஒரே தெருவில் பத்து வீடு சேர்ந்தால்? பத்து வீட்டில் நூற்றுக்கு மேற்பட்ட கோழி இருக்கும். ஒரு குப்பி, ஒரு ஐஸ் பெட்டி, ஒரு காலை நேரம். சுபஹுக்குப் பின் கோழிகள் கூட்டை விட்டு இறங்குமுன் ஆரம்பித்தால் வெயில் ஏறுமுன் முடிந்து விடும். செலவைப் பத்தாகப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு வருவது சில முட்டைகளின் விலைதான். குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் ஒரு முறை, மூன்று நான்கு வாரத்தில் மறுமுறை, அதன் பின் மிருக வைத்தியர் சொல்லும் இடைவெளியில் என்று தொடர வேண்டும். நோய் வந்துவிட்ட கூட்டில் இதைப் போட்டுப் பயனில்லை. நலமாக இருக்கும்போதே போட வேண்டும்.

அஸருக்குப் பின் கடைவாசலில் கூடுகிறார்களே அந்த இளைஞர்கள், அவர்களுடைய கூட்டத்துக்கு இதைவிடப் பயனுள்ள வேலை இல்லை. சேவலின் எடையைப் பற்றிப் பேசும் அதே இடத்தில் ஒரு கொப்பியைத் திறந்து, எந்த வீட்டில் எத்தனை கோழி, அடுத்த மருந்து எப்போது என்று எழுதி வைத்தால் போதும்.

பங்களாதேஷ் பெண்கள் காட்டிய வழி

இது நடைமுறைக்கு வருமா என்று கேட்போருக்கு ஓர் உதாரணம். 1980களின் ஆரம்பத்தில் பங்களாதேஷில் பிராக் என்ற தொண்டு நிறுவனமும் அந்நாட்டின் கால்நடைத் திணைக்களமும் சேர்ந்து ஒரு முறையைத் தொடங்கின. கிராமத்தில் ஒரு பெண்ணுக்குத் தடுப்பு மருந்து போடப் பயிற்சி கொடுத்தார்கள். அவர் மருந்தைக் குளிரில் எடுத்து வந்து, விடியற்காலையில் வீடு வீடாகப் போய், கோழிக்கு இவ்வளவு என்று சிறு கூலி வாங்கிக் கொண்டு துளி விட்டார். இன்னொரு பெண் குஞ்சு பொரித்துக் கொடுத்தார். மற்றொருவர் குஞ்சை வளர்த்துக் கொடுத்தார். வேறொருவர் முட்டையைச் சேர்த்துச் சந்தைக்குக் கொண்டு போனார். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு வருமானம். எல்லோருடைய கோழியும் பிழைத்தது.

அங்கே இந்த வேலைக்கான முதல் வட்டிக் கடனாக வந்தது. அது நமக்கு வேண்டாம். முறையை மட்டும் எடுத்துக் கொள்வோம். வீட்டை விட்டு அதிகம் வெளியே போக முடியாத எங்கள் சகோதரிகளுக்கு, குறிப்பாக விதவைகளுக்கு, தெருவுக்குள்ளேயே செய்யக்கூடிய ஒரு கண்ணியமான தொழில் இது. ஸகாத் நிதியிலிருந்து ஒருவருக்குத் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுப்பது போல, ஒரு ஐஸ் பெட்டியும் பயிற்சியும் கொடுக்கலாம் அல்லவா?

அறுகம்பே சந்தை

கோழி பிழைத்தது. இனி விற்பனை. கல்முனையிலிருந்து பொத்துவில் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். அதற்கு அப்பால் அறுகம்பே. மே முதல் செப்டெம்பர் வரை அலைச்சறுக்கு வீரர்களால் நிறைந்திருக்கும் இடம். காலையில் ஒவ்வொரு விடுதியிலும் முட்டை வேண்டும். ஊர்க்கோழி முட்டை என்றால் உல்லாசப் பயணிகளுக்குத் தனி விருப்பம். இதைக் கேட்டதும் ஓடிப்போய் விடுதிக்காரரிடம் வாக்குக் கொடுத்து விடாதீர்கள். முதலில் எண்ணுவோம்.

பத்து விருந்தினர் தங்கும் சிறு விடுதிக்கு, ஆளுக்கு இரண்டு வீதம், நாளுக்கு 20 முட்டை வேண்டும். பத்து வீட்டில் வீட்டுக்கு எட்டு என்று 80 ஊர்க்கோழிப் பேடுகள் இருந்தால் வருடத்துக்கு 4,000 முட்டை. நாளுக்கு 11. அதிலும் அடை வைக்க எடுக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். அப்படியானால் பத்து வீடு சேர்ந்தாலும் ஒரு சிறு விடுதியின் தேவையில் பாதியைத்தான் நிரப்பலாம். தனி ஒரு வீடு வாக்குக் கொடுத்தால் மூன்றாம் நாளே பொய்யனாக வேண்டி வரும். வாக்குத் தவறுவது வியாபாரத்திலும் நட்டம், மார்க்கத்திலும் குற்றம்.

ஆகவே இரண்டு வழி. ஒன்று, சேர்ந்து நாளுக்கு ஐந்தோ பத்தோ என்று குறைவாகப் பேசி, அதைத் தவறாமல் கொடுப்பது. மற்றையது, முட்டைக்கென்று கலப்பினப் பேடுகள் சிலவற்றை ஒவ்வொரு வீட்டிலும் வளர்ப்பது. இரண்டாவது வழியில் தீனிச் செலவு வரும். முன்னே சொன்ன கிலோவுக்கு ஏழு முட்டைக் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். கலப்பின முட்டையை ஊர்க்கோழி முட்டை என்று சொல்லி விற்பது மோசடி. அதை மறந்து விடாதீர்கள்.

விடுதிக்காரர் எதிர்பார்ப்பது மூன்று விடயம். முட்டை சுத்தமாக இருக்க வேண்டும், புதிதாக இருக்க வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். அழுக்குப் பட்ட முட்டையைத் தண்ணீரில் கழுவி அடுக்காதீர்கள். ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய், சீக்கிரம் பழுதாகும். உலர்ந்த துணியால் துடையுங்கள். முட்டையிடும் பெட்டியில் வைக்கோலை அடிக்கடி மாற்றினால் அழுக்கே படாது. சேர்த்த திகதியைத் தட்டில் எழுதி வையுங்கள். கடனுக்குக் கொடுத்தால் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆம் வசனம் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. உல்லாசப் பயணிகளை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். 2018 இல் இந்நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதலும், அதைத் தொடர்ந்த கொரோனாவும் வந்தபின் 2021 இல் அது இரண்டு இலட்சத்துக்கும் கீழே போயிற்று. 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இப்படி ஏறி இறங்கும் சந்தை அது. உள்ளூர்ச் சந்தை அப்படியல்ல. நோன்பும் பெருநாளும் வருடா வருடம் வரும். பத்துப் பதினொரு நாள் முந்தி வரும், அவ்வளவுதான். பெருநாளுக்கு நல்ல சேவல் விற்க வேண்டுமானால் 21 நாள் அடை, பின் ஐந்து மாத வளர்ப்பு என்று எண்ணி, ஆறு மாதத்துக்கு முன் அடை வையுங்கள். கலண்டரில் பெருநாளைக் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுபவர்தான் வியாபாரி.

ஆடம்பரக் கோழியின் ஆசை

இப்போது இளைஞர்கள் மத்தியில் பிரமா, சில்க்கி, கொச்சின் போன்ற ஆடம்பரக் கோழிகளில் பெரிய ஆசை. பார்க்க அழகுதான். மன மகிழ்ச்சிக்கு ஒரு சோடி வளர்ப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் "ஒரு சோடி வாங்கினால் குஞ்சு விற்றே பணக்காரனாகலாம்" என்று சொல்லப்படுகிறதே, அங்கேதான் நிதானம் வேண்டும். அந்தக் குஞ்சை யார் வாங்குகிறார்? சமைப்பவரா? இல்லை. குஞ்சு விற்கலாம் என்று நினைக்கும் இன்னொருவர். அவரிடம் வாங்குபவரும் அப்படியே. புதிதாக வாங்க ஆள் வராத நாளில் விலை விழும். கடைசியில் வாங்கியவர் கையில் கோழி நிற்கும்.

இது புதிதல்ல. 1840களில் சீனாவிலிருந்து பெரிய கோழிகள் விக்டோரியா மகாராணியின் அரண்மனைக்குப் போனதும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் கோழிப் பைத்தியம் பிடித்தது. 1849 இல் பொஸ்டன் நகரில் நடந்த கோழிக் கண்காட்சிக்கு மக்கள் திரண்டார்கள். ஒரு சோடிக்குப் பெருந்தொகை கொடுத்தார்கள். சில வருடங்களில் விலை சரிந்தது. அந்த வியாபாரத்தில் முன்னணியில் நின்ற பேர்ணம் என்பவரே 1855 இல் அதைக் கேலி செய்து ஒரு புத்தகமும் எழுதினார். நமக்கு அருகில், தமிழ்நாட்டின் பெருந்துறையில், ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் தருவோம் என்ற நிறுவனங்களை நம்பி முதலிட்ட ஆயிரக்கணக்கானோர் 2012 இல் பணத்தை இழந்து நின்றார்கள். அங்கும் ஈமு இறைச்சிக்குச் சந்தை இருக்கவில்லை. புதிதாகச் சேர்பவரின் பணம்தான் சந்தையாக இருந்தது.

நம் மண்ணின் கோழியை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். கழுத்தில் இறகில்லாத மொட்டைக்கழுத்துக் கோழியும் சுருள் இறகுக் கோழியும் வெப்பத்தைத் தாங்குவதில் சிறந்தவை என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். குளிர்நாட்டுக்கென்று அடர்ந்த இறகோடு வளர்ந்த பிரமா, எங்கள் ஓகஸ்ட் வெயிலில் இளைக்கும். லகுகலை, குமண காட்டுப் பக்கம் போகும்போது காட்டுக்கோழியைப் பிடித்து வளர்க்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். அது இந்நாட்டின் தேசியப் பறவை, சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது.

எந்தப் பறவையை வாங்கினாலும் மூன்று வாரம் தனிக்கூட்டில், உங்கள் கோழிகளிலிருந்து தள்ளி வைத்திருங்கள். அதைப் பார்த்த கையோடு மற்றக் கூட்டுக்குள் போகாதீர்கள். என்னைப் போல் 23 கோழிகளைக் கொடுத்து இதைப் படிக்க வேண்டாம்.

அயலவரும் அமானிதமும்

எங்கள் ஊர்கள் நெருக்கமானவை. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் ஒரு வீட்டுச் சுவரில் அடுத்த வீடு நிற்கிறது. கூட்டின் நாற்றமும் ஈயும் அயலவருக்குப் போகுமானால் உங்கள் இலாபத்தில் பரக்கத் இருக்காது. எருவை அன்றாடம் அள்ளி, காய்ந்த இலையோடு குவித்து மக்க வைத்தால் மரக்கறித் தோட்டக்காரர் விலை கொடுத்து வாங்குவார். செத்த கோழியை ஆற்றிலோ கடலிலோ வீதியோரத்திலோ வீச வேண்டாம். ஆழமாகப் புதையுங்கள். ஒரே நாளில் பல கோழி செத்தால் மறைக்காமல் மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். மறைத்து, மிச்சத்தைச் சந்தையில் தள்ளி விடுவது அடுத்த சகோதரனின் வளவுக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம்.

வளர்க்கும் உயிர் ஓர் அமானிதம். பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் அறிவோம். சிறுவன் அபூ உமைரின் குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்ததையும் அறிவோம். பறவை வளர்ப்பு ஆகும். அதைப் பட்டினி போடுவதும், சேவலைச் சேவலோடு சண்டைக்கு விட்டுப் பந்தயம் கட்டுவதும் ஆகாது.

ஸகாத் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. ஆடு, மாடு, ஒட்டகத்தைப் போலக் கோழிக்கு எண்ணிக்கை அடிப்படையில் ஸகாத் இல்லை. ஆனால் விற்பதற்கென்று வாங்கி வளர்க்கும் கோழிகள் வியாபாரப் பொருள். வருட முடிவில் கடைச் சரக்கோடு சேர்த்து மதிப்பிட்டு இரண்டரை வீதம் கணக்கிட வேண்டும். இதற்கும் கொப்பி இல்லாமல் முடியாது. மேலதிக விளக்கத்தை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

இந்த வாரமே செய்யக் கூடியது

பெரிய கூடு அடிக்குமுன், கடன் வாங்குமுன், ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். இன்று எத்தனை கோழி, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எத்தனை செத்தது, தீனிக்கு என்ன செலவு என்று மூன்று மாதம் எழுதுங்கள். வீட்டில் தின்ற முட்டையையும் வரவில் போடுங்கள், அதுவும் வருமானம்தான். பின்னர் தெருவில் கோழி வைத்திருப்போரை ஒரு நாள் அஸருக்குப் பின் கூட்டி, மருந்துக் குப்பியைப் பற்றிப் பேசுங்கள். இந்த இரண்டையும் செய்த பின், வளர்ப்பைப் பெருக்குவதா அல்லது பொழுதுபோக்காகவே வைத்திருப்பதா என்று கொப்பியே உங்களுக்குச் சொல்லும்.

எனது வளவில் இப்போது மீண்டும் 18 கோழி இருக்கின்றன. மருந்து போடும் நாளில் முதலில் வேலிக்கு அப்பால் உள்ள காக்காவின் கூட்டுக்குத்தான் போகிறேன். அல்லாஹ் நம் எல்லோருடைய ஹலாலான தொழிலிலும் பரக்கத் செய்வானாக.